கார் ஷெட்டுக்குத் தெர்மோகோல் ஒட்டினால் குளிர் போய்விடுமா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கார் ஷெட் என்றால் பெரும்பாலும் மேட்டை வெட்டி உள்ளே தள்ளிக் கட்டியதுதான். ரோடு மட்டத்தில் ஷட்டர், பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மண், பக்கச் சுவர்களில் பாதி வரைக்கும் மண், மேலே வீட்டு முற்றமோ தகரக் கூரையோ. ஒரு பக்கம் கார் நிற்கும், மீதி இடத்தில் உர மூட்டை, விதை உருளைக்கிழங்கு, பழைய பீரோ எல்லாம் குடியிருக்கும். இப்போது அதையே பட்டறையாகவோ, டியூஷன் எடுக்கும் அறையாகவோ, தையல் மெஷின் போடும் இடமாகவோ மாற்றுகிறவர்கள் அதிகம். மாற்றின கையோடு வருகிற புகாரும் ஒன்றேதான்: உள்ளே போனாலே ஜில்லென்று இருக்கிறது, தரை காய்வதே இல்லை, மெஷினெல்லாம் துரு.

உடனே ஒருவர், "தெர்மோகோல் ஷீட் வாங்கி ஒட்டிடுங்கண்ணா, எல்லாம் சரியாயிடும்" என்பார். இன்னொருவர் வாட்டர் புரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்வார். மூன்றாமவர் ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டி, அஸ்திவாரத்தைச் சுற்றி நாலடி ஆழத்துக்குத் தோண்டி நுரைப் பலகை இறக்காவிட்டால் பிரயோஜனமே இல்லை என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் மூன்று வேறு பிரச்சினைக்கான பதில்கள், அவ்வளவுதான். நம் ஷெட்டில் இருப்பது எந்தப் பிரச்சினை என்று தெரியாமல் காசை இறக்குவதால்தான், அடுத்த மழைக்காலத்தில் ஒட்டின தெர்மோகோலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, வீட்டில் ஒரு பேச்சு, மேஸ்திரியிடம் ஒரு பேச்சு என்று போகிறது.

ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும்

வெப்பக் காப்பு, அதாவது இன்சுலேஷன், என்றால் வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகும் வேகத்தைக் குறைக்கும் ஒரு அடுக்கு. அவ்வளவுதான் அதன் வேலை. மலையில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க ஸ்வெட்டரை விட நல்ல உதாரணம் கிடையாது. ஸ்வெட்டர் சூடு தராது, உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதே ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் அதுவும் கொடியைப் போலவே குளிர்ந்து கிடக்கும். நனைந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றால் போடாமல் இருப்பதே மேல் என்று தோன்றும். காற்றடிக்கும் மேட்டில் வெறும் ஸ்வெட்டரோடு நின்றால் குளிர் அதற்குள்ளேயே புகுந்து வரும்.

ஷெட்டுக்கும் இதே கதைதான். உள்ளே சூட்டுக்கு ஏதோ ஒரு மூலம் வேண்டும், அது ஆளோ, ஹீட்டரோ, கூரை வழியாக வரும் வெயிலோ. காப்பு அடுக்கு தண்ணீரில் ஊறிக் கிடக்காமல் இருக்கத் தண்ணீரைத் தடுத்துத் திருப்பிவிட வேண்டும். காற்று புகாமல் சந்துகளை அடைத்திருக்க வேண்டும். தண்ணீர், காற்று, வெப்பம். இந்த வரிசை மாறினால் செலவு வீண்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் இன்றும் சில இடங்களில் பார்க்கக் கிடைக்கும் பழைய முறை வீட்டைக் கவனித்தால் மூன்றும் அதில் இருக்கும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டின கூரை தரை வரைக்கும் இறங்கும், மேலே வேய்ந்த புல் மழைத் தண்ணீரை வழியவிடும், அதே புல் தனக்குள் காற்றைச் சிறைவைத்துக் குளிரையும் தடுக்கும், வாசலோ குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான். உள்ளே மூட்டும் அடுப்புச் சூடு அவ்வளவு லேசில் வெளியே போகாது. நாம்தான் இப்போது மழையையும் தடுக்காத, சூட்டையும் பிடித்துவைக்காத காங்கிரீட் பிளாக்கில் கட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிறோம்.

காங்கிரீட் கெட்டி, ஆனால் சூட்டைப் பிடிக்காது

எட்டு இன்ச் சாலிட் பிளாக் சுவரைப் பார்த்தால் குளிர் எப்படி உள்ளே வரும் என்று தோன்றும். கெட்டியாக இருப்பது வேறு, வெப்பத்தைத் தடுப்பது வேறு. ஒரு பொருள் வழியாக வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதற்கான அளவுதான் வெப்பக் கடத்துதிறன். காங்கிரீட்டுக்கு இது சுமாராக 1.5, செங்கல்லுக்கு 0.7 பக்கம், நல்ல நுரைப் பலகைக்கு 0.03. அலகை விடுங்கள், விகிதத்தைப் பாருங்கள். காங்கிரீட்டுக்கும் நுரைப் பலகைக்கும் 50 மடங்கு வித்தியாசம். ஒரு இன்ச் நுரைப் பலகை தடுக்கும் வெப்பத்தைக் காங்கிரீட்டால் தடுக்க வேண்டுமென்றால் நாலடி தடிமனுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். திருப்பிச் சொன்னால், உங்கள் எட்டு இன்ச் சுவர் வெப்பக் கணக்கில் நாலு மில்லிமீட்டர் நுரைக்குச் சமம்.

ஹாலோ பிளாக் என்றால் உள்ளே காற்று இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்பார்கள். அசையாத காற்று நல்ல காப்புத்தான், ஹாலோ பிளாக்கின் ஓட்டையில் இருக்கும் காற்று அசையாமல் நிற்பதில்லை. சூடான பக்கத்தில் மேலே ஏறி, குளிர்ந்த பக்கத்தில் கீழே இறங்கி, சுற்றிச் சுற்றி வந்து சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். போதாததற்கு, ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் காங்கிரீட் தடுப்பு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் நேராக இணைக்கிறது. இப்படிக் காப்பைத் தாண்டி வெப்பம் ஓடுகிற குறுக்கு வழிக்கு வெப்பப் பாலம் என்று பெயர். சாலிட் பிளாக்கை விடக் கொஞ்சம் தேவலை, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நுரைப் பலகையும் உள்ளே அடைபட்ட காற்றை நம்பித்தான் வேலை செய்கிறது. அதன் குமிழ்கள் மிகச் சிறியவை என்பதால் காற்றுக்குச் சுற்றிவர இடமில்லை.

ரூபாய்க் கணக்கில் சொல்ல வேண்டுமென்றால், வெளிக்காற்று படும் 20 சதுர மீட்டர் பிளாக் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 18 டிகிரி, வெளியே 8 டிகிரி. சுவர் வழியாக மட்டும் சுமார் 640 வாட் வெளியே போகும், அதாவது 1000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று எரிந்தால் அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சுவருக்கே தீனி. ஒரு இன்ச் பலகை வைத்தால் இது 175 வாட் பக்கம் இறங்கும். இன்னொரு இன்ச் சேர்த்தால் 100 வாட். முதல் இன்ச்சில் மிச்சமானது 465, இரண்டாவது இன்ச்சில் 75. நம் மலைக்கு ஒரு இன்ச்சுக்கும் இரண்டு இன்ச்சுக்கும் இடையில் நின்றுவிடலாம் என்று நான் சொல்வது இதனால்தான். கனடாக்காரர் நாலு இன்ச் வைக்கிறார் என்றால் அவருக்கு வெளியே மைனஸ் 25.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: காப்பு சூடு தராது, சூடு போகும் வேகத்தைக் குறைக்கும். பிளாக் சுவருக்கு அந்தத் திறமை கிட்டத்தட்டக் கிடையாது. முதல் இன்ச்சுக்குத்தான் பலன் அதிகம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

அதிகம் குழப்புகிற இடம் இது. ஷெட்டில் தெரியும் ஈரம் மூன்று வழியாக வரலாம்.

முதலாவது கசிவு. பின்சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கி, பிளாக்கின் சந்து வழியாகவும் கலவை இணைப்பு வழியாகவும் தள்ளிக்கொண்டு வருவது. மழை பெய்த ஒன்றிரண்டு நாளில் சுவரின் நடுவில் திட்டுத் திட்டாகத் தெரியும், தரையும் சுவரும் சேரும் மூலையில் கோடாக ஓடும்.

இரண்டாவது உறிஞ்சல். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விதிப்படி, காங்கிரீட்டில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலே ஏறும். பாடப்புத்தகத்தில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். மழை இல்லாத மாதத்திலும் இது நிற்காது. சுவரின் அடியில் ஓரிரண்டு அடி உயரம் வரைக்கும் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து, விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிர்கிறதா, அப்படியானால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது வேர்ப்பது. வெளியிலிருந்து தண்ணீரே வரவில்லை, காற்றில் இருக்கும் நீராவிதான் குளிர்ந்த தரையிலும் சுவரிலும் பட்டுத் தண்ணீராக மாறுகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். தாங்க முடியாத மிச்சம் கீழே இறங்கியாக வேண்டும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் தண்ணீர் வெளியே வர ஆரம்பிக்குமோ அதுதான் பனிநிலை. பத்தடி அகலம், இருபதடி நீளம், பத்தடி உயரம் உள்ள ஷெட்டில் 20 டிகிரிக் காற்று நல்ல ஈரத்தோடு நுழைந்து 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு டம்ளர் தண்ணீர் எங்காவது ஒட்டியிருக்கும். ஷட்டரைத் திறந்து திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் புதுக் காற்று, புது ஈரம். மழையில் நனைந்த காரை உள்ளே விட்டால் அது தனி.

ஏப்ரல், மே மாதத்தில் மதியம் வெளியே வெதுவெதுப்பாக இருந்து மேகம் திரளும்போது தரை முழுக்க ஒரே சீராக இருட்டி ஈரமாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், தரை வேர்க்கிறது. ஜூன் பிறந்துவிட்டால் நிலைமையே வேறு, பல நாள் காற்று முழு ஈரத்தோடுதான் இருக்கும். மூடுபனிக்குள் ஷட்டரைத் திறந்துவைத்து "காத்தோட்டம் விட்டா காயும்" என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை, வருகிற காற்றே நனைந்துதான் வருகிறது. அந்த மாதங்களில் காய வேண்டுமென்றால் உள்ளே இரண்டு மூன்று டிகிரியாவது சூடு ஏற வேண்டும். 15 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றை 18 டிகிரிக்குச் சூடாக்கினாலே அதன் ஈரப்பதம் 83 சதவீதம் பக்கம் இறங்கிவிடும். 20 டிகிரிக்குக் கொண்டுபோனால் 75க்குக் கீழே.

எது நம்முடையது என்று கண்டுபிடிக்க ஒரு பாலித்தீன் துண்டு போதும். சுவரில் ஈரம் தெரியும் இடத்தில் உப்பையும் பொரிந்த பெயின்ட்டையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, முடிந்தால் ஹேர் டிரையர் காட்டி மேற்பரப்பைக் காயவையுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பாலித்தீனை வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஈரச் சுவரில் டேப் நிற்காது, ஓரத்தில் சிலிக்கான் ஒரு கோடு இழுத்துவிட்டால் நிற்கும். தரையிலும் இதே மாதிரி ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உங்கள் பக்கம் தெரியும் முகத்தில் முத்து முத்தாக நீர் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், வேர்வை. மேலே உலர்ந்து, உரித்தால் பின்பக்கம் நனைந்து, சுவரில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருப்பதும் நம் ஊரில் சகஜம், அப்போது இரண்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

காப்புப் பலகை இந்த மூன்றில் வேர்ப்பதை மட்டும்தான் நிறுத்தும். கசிவையும் உறிஞ்சலையும் அது மறைக்கும், நிறுத்தாது.

நாலடி ஆழம் நமக்குத் தேவையா

வெளிநாட்டு வீடியோக்களில் அஸ்திவாரத்தைச் சுற்றி ஆழமாகப் பலகை இறக்குவதற்குக் குளிரைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சிகாகோ மாதிரி ஊரில் குளிர்காலத்தில் மண்ணே உறையும். உறையும் தண்ணீர் விரிந்து அஸ்திவாரத்தைத் தூக்கிவிடும், அதனால் அங்கே 42 இன்ச் ஆழத்துக்குக் கீழேதான் அஸ்திவாரத்தின் அடி நிற்க வேண்டும் என்று விதி. நம் பக்கம் தலைக்குந்தாவிலும் காந்தளிலும் டிசம்பர், ஜனவரியில் புல் வெளுத்துக் கிடக்கிறது, கார் கண்ணாடியில் ஐஸ் பிடிக்கிறது, கொடைக்கானலிலும் பள்ளமான இடங்களில் அதே கதை. ஆனால் அது மண்ணின் மேல்தோலோடு சரி, வெயில் வந்தால் உருகிவிடும். கடைக்கால் ஆழத்துக்கு மண் உறைவது இங்கே கிடையாது. எனவே அந்த நாலடியைத் தைரியமாக மறந்துவிடலாம்.

அதை விட முக்கியமான ஒன்றை அந்த வீடியோ சொல்லாது. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும், கோடையோ குளிரோ பெரிதாக மாறாது. ஊட்டிக்கு அது 14, 15 டிகிரி பக்கம். மேலே வர வர கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனாலும் உறைபனி விழும் இரவில் வெளியே பூஜ்யத்துக்கு வந்தால் ஷெட்டுக்கு அடியில் இருக்கும் மண்தான் அங்கே இருப்பதிலேயே சூடான பொருள்! உள்ளே ஹீட்டரும் இல்லை, ஆளும் இல்லை, கார் மட்டும் நிற்கிறது என்றால், தரைக்கு அடியில் காப்பு வைப்பது மண் இலவசமாகக் கொடுக்கும் சூட்டை நாமே தடுப்பது மாதிரி. கார் மட்டும் நிற்கும் ஷெட்டுக்குத் தரைக் காப்பு வேண்டாம், கீழே ஈரத் தடையும் நல்ல வடிகாலும் போதும்.

ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம், 18 டிகிரியாவது வேண்டும், ஹீட்டர் ஓடும் என்றால் கணக்கு மாறிவிடும். அப்போது 15 டிகிரி மண் உங்கள் சூட்டை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காலுக்கும் ஜில்லென்று இருக்கும், தரையும் வேர்க்கும். அதற்குத்தான் தரைக் காப்பு. ஆக, பலகை வாங்கப் போவதற்கு முன்னால் உள்ளே சூடு பண்ணப் போகிறோமா இல்லையா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுவர்: வெளிப்பக்கமா, உள்பக்கமா

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வெளிப்பக்கம்தான், யோசிக்கவே வேண்டாம். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் முதலில் தண்ணீர்த் தடைப் பூச்சு, அதற்கு மேல் காப்புப் பலகை, அதற்கு வெளியே ஒரு அடி அகலத்துக்குத் தூள் இல்லாத ஜல்லி, ஜல்லிக்கு அடியில் ஓட்டை போட்ட பைப் சரிவாகப் போட்டு ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். மண் வந்து ஜல்லியை அடைக்காமல் இருக்க நடுவில் வடிகட்டித் துணி. இப்படிச் செய்தால் சுவர் முழுக்க உள்பக்கச் சூட்டில் சேர்ந்துவிடும், சுவர் குளிராததால் வேர்க்காது, தண்ணீர்த் தடையில் கல் குத்தாமல் பலகையே காவலாக நிற்கும்.

இதில் உயிர்நாடி அந்த ஜல்லியும் பைப்பும்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே கோத்தகிரி பக்கம் மேட்டு மண் சொதசொதவென்று ஆகிவிடும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்க விட்டால் எந்தப் பூச்சும் நிற்காது, தண்ணீரின் அழுத்தத்தில் சுவரே சாயும். இன்னொரு விஷயம், வெறும் ஹாலோ பிளாக் சுவர் மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவர் ஆகாது, அதற்குக் கம்பி கட்டி காங்கிரீட் நிரப்பிய சுவரோ தனித் தடுப்புச் சுவரோ வேண்டும், அதை என்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும். மறுபடி மண்ணை வெட்டுவதாக இருந்தால் அனுமதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள், நீலகிரியில் மண் வேலைக்கும் ஜே.சி.பி. கொண்டுவருவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

ஏற்கெனவே கட்டின ஷெட்டில் பின்பக்கம் தோண்ட வழியிருக்காது. அப்போது உள்பக்கம்தான், ஆனால் இரண்டு நிபந்தனை. கசிவு முதலில் நிற்க வேண்டும்: மேட்டின் மேலே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுவது, கூரைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் விழாமல் பைப் போடுவது. பல ஷெட்டுகளில் இந்த இரண்டிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், செலவும் கம்மி. உள்ளே வாட்டர் புரூஃப் பெயின்ட் மட்டும் அடித்தால் பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் ஒரே மழைக்காலத்தில் அதைக் கொப்புளமாக்கி உரித்துவிடும்.

இரண்டாவது நிபந்தனை, பலகை சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும், சந்து இருக்கக் கூடாது. உள்ளே காப்பு வைத்ததும் அதற்குப் பின்னால் இருக்கும் சுவர் முன்பை விடக் குளிர்ந்துபோகும், ஏனென்றால் அறையின் சூடு இனி அதற்குக் கிடைக்காது. பலகைக்குப் பின்னால் அறைக் காற்று போக வழியிருந்தால் அங்கேதான் வேர்க்கும், அங்கேதான் பூஞ்சணம், கண்ணுக்கும் தெரியாது. நாலு மூலையில் நாலு உருண்டை பசை வைத்துத் தெர்மோகோல் ஒட்டும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. பசையைப் பலகை முழுக்கப் பூசி, இணைப்புகளில் நுரை அடைத்து டேப் ஒட்ட வேண்டும். மரச் சட்டம் அடித்து நடுவில் கிளாஸ் வூல் திணிப்பது காய்ந்த ஊருக்குச் சரி, மண்ணை ஒட்டிய ஈரச் சுவருக்கு அது கூடவே கூடாது, சட்டம் உளுத்துப் பஞ்சு தொங்கிவிடும்.

சுருக்கமாக, தண்ணீரை வெளியே திருப்பு, அப்புறம் காற்றுச் சந்தை அடை, அப்புறம்தான் பலகை. வெளிப்பக்கம் வைக்க முடிந்தால் வெளிப்பக்கம்.

தரை

புதுத் தரை என்றால் அடுக்கு இப்படி வரும். திமிசு போட்ட மண், அதன் மேல் நாலு இன்ச் தூள் இல்லாத ஜல்லி, மேலே மெல்லிசாக மணல், காப்புப் பலகை, அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட், அதற்கு மேல் கம்பி வலை வைத்து நாலு இன்ச் காங்கிரீட். ஜல்லிக்கு நடுவே இருக்கும் பெரிய இடைவெளியில் தண்ணீரால் திரி மாதிரி ஏற முடியாது, அதனால் உறிஞ்சல் அங்கேயே அறுந்துவிடும். ஷீட் மிச்ச ஈரத்தையும் நீராவியையும் நிறுத்தும். ஷீட்டின் இணைப்பில் ஒன்றின் மேல் ஒன்று அரை அடியாவது ஏறும்படி போட்டு டேப் ஒட்டுங்கள், சுவர்ப் பக்கம் மடித்து மேலே ஏற்றுங்கள். காங்கிரீட் போடும்போது மண்வெட்டி பட்டுக் கிழிந்தால் உடனே ஒட்டவும் ஆள் நிற்க வேண்டும், "ஒண்ணும் ஆகாதுங்க" என்பதை நம்ப வேண்டாம்.

தரையின் வெப்பம் நடுவில் நேராகக் கீழே போவதை விட ஓரத்தில் வெளியே போவதுதான் அதிகம். நடுவிலிருந்து குளிர்ந்த வெளிமண்ணுக்கு வழி நீளம், ஓரத்தில் ஒரு சுவர்த் தடிமன்தான். எனவே காசு முழுத் தரைக்கும் போதவில்லை என்றால் சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு மட்டும் பலகை போட்டாலும் நல்ல பலன் உண்டு. அதோடு காங்கிரீட்டின் ஓரம் சுவரைத் தொடாதபடி ஒரு இன்ச் பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இதை விட்டுவிட்டால் தரை சுவரைத் தொடும் அந்த நாலு இன்ச் வெப்பப் பாலமாகி, மூலை மட்டும் வருடம் முழுக்க ஈரமாகவே இருக்கும்.

கார் ஏறினால் நுரை நசுங்காதா? எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒன்றரை டன் காரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 375 கிலோ. நாலு இன்ச் காங்கிரீட் அந்தப் பாரத்தை ஒரு சதுர அடிக்கு மேல் பரப்பித்தான் கீழே இறக்கும், ஆக சதுர அடிக்கு 375 கிலோவுக்குக் கீழே. தரைக்கென்று விற்கும் எக்ஸ்.பி.எஸ். என்கிற கெட்டி நுரைப் பலகையின் அழுத்தத் தாங்குதிறன் 200 கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தால் அது சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 1900 கிலோ. நிரந்தரப் பாரத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்பினாலும் தாராளமாகத் தாங்கும்.

பழைய தரை மேல் செய்வதானால் ஷீட், பலகை, அதன் மேல் கம்பி வலையோடு காங்கிரீட் என்று ஐந்தாறு இன்ச் உயரும். ஷட்டர் உயரம் குறையும், வாசலில் சரிவு போட வேண்டிவரும். ஆனால் ரோட்டுத் தண்ணீர் உள்ளே ஓடிவரும் ஷெட்டுகளுக்கு இந்த உயரமே ஒரு லாபம்தான்.

எந்தப் பலகை

டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மோகோலை உடைத்தால் சின்னச் சின்ன உருண்டையாக உதிரும், உருண்டைகளுக்கு நடுவில் சந்து இருக்கும், அதில் தண்ணீர் மெல்ல ஏறும். இதுவே இ.பி.எஸ்., அடர்த்தி கூடினால் பலமும் கூடும். கட்டட வேலைக்குக் கன மீட்டருக்கு 20 கிலோவுக்குக் குறையாமல், தரைக்கு என்றால் 30 பக்கம் கேளுங்கள். எக்ஸ்.பி.எஸ். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் வரும், வெட்டினால் ஓரம் வழவழவென்று ஒரே சீராக இருக்கும், தண்ணீர் உறிஞ்சுவது மிகக் குறைவு. மண்ணைத் தொடும் இடத்துக்கும் தரைக்கும் எக்ஸ்.பி.எஸ்., வெளிக்காற்று படும் மேல் சுவருக்கு அடர்த்தியான இ.பி.எஸ்., இது என் சிபாரிசு. வெட்டின துண்டுகளை அன்றன்றே மூட்டை கட்டிவிடுங்கள், நம் ஊர்க் காற்றுக்கு அது அடுத்த ஓடைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும்.

எதை ஒட்டினாலும் வெறுமனே விட்டுவிடக் கூடாது. இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை, தீப்பிடித்தால் கறும்புகையோடு எரியும், பெட்ரோல் பட்டால் கரையும். கார் நிற்கும் இடத்தில் இதைத் திறந்த சுவராக வைப்பது பைத்தியக்காரத்தனம். வலை வைத்துச் சிமென்ட் பூச்சு அல்லது சிமென்ட் போர்டு கட்டாயம். எலியும் துளைக்காது.

கூரையும் ஷட்டரும்

மேலே வெறும் தகரம் என்றால் தரையையும் சுவரையும் தொடாமல் முதலில் கூரையைப் பாருங்கள். சூடான காற்று மேலேதான் போகும், விடியற்காலையில் தகரத்தின் அடியில் வேர்த்துச் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தரை கசிகிறது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அடுத்தது ஷட்டர். ரோலிங் ஷட்டரில் காப்பு என்பதே கிடையாது, நாலு பக்கமும் சந்து. கார் இனி நிற்காது என்றால் ஷட்டருக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிச் சின்னக் கதவு வைத்துவிடுவது உத்தமம். கார் நிற்கும் என்றால் கீழே ரப்பர் பட்டை, பக்கங்களில் பிரஷ் பட்டை, இவற்றுக்கு ஆகும் செலவுக்குக் கிடைக்கும் பலன் பலகைக்கு நிகரானது.

இப்படிச் சந்தெல்லாம் அடைத்த பிறகு ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மலையில் கரி அடுப்பைச் சட்டியில் மூட்டி அறைக்குள் வைத்துக் குளிர் காயும் பழக்கம் இன்னும் இருக்கிறது, காரை ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே ஆளை முடித்துவிடும். பழைய ஓட்டை ஷெட்டில் அது வெளியே போய்விடும், நீங்கள் அடைத்த ஷெட்டில் போகாது. ஹீட்டர் என்றால் மின்சார ஹீட்டர் மட்டும், காரை வெளியே எடுத்த பிறகே இன்ஜின் ஓடட்டும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எதிரெதிர்ச் சுவர்களில் மூட முடியாத வென்டிலேட்டர் இரண்டு. அவற்றின் வழியாகக் கொஞ்சம் குளிர் வரத்தான் செய்யும், வரட்டும்.